பழைய கார்களை ஓட விடுங்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய கார்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் தனிப் பதிவு முறை ஒன்றை மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்தது. அதுவரை இப்படிப்பட்ட வண்டிகளைப் பதிவுசெய்ய நாடு முழுவதற்கும் பொதுவான விதி எதுவும் இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு வேறு பதிலைக் கேட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. புதிய விதி அந்த அலைச்சலைக் குறைத்தது. புதிதாகப் பதிவுசெய்ய 20,000 ரூபாய், பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய், 'விஏ' என்ற எழுத்துகளோடு ஒரு பதிவெண். ஏற்கெனவே எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஒரு காரைப் பாரம்பரியச் சொத்தாக அரசு ஒப்புக்கொண்டது நல்ல காரியம்தான். ஆனால் அதே விதியில், இப்படிப் பதிவான வண்டி எதற்காகச் சாலைக்கு வரலாம் என்றும் எழுதியிருக்கிறது: கண்காட்சிக்கு, தொழில்நுட்ப ஆய்வுக்கு, பழைய கார் பேரணிக்கு, பெட்ரோல் போடுவதற்கு, பழுது பார்ப்பதற்கு. வழக்கமான பயணத்துக்கு வரக்கூடாது. காரைக் காப்பாற்ற வந்த விதி இந்த இடத்தில் காருக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது. பழைய கார் நின்றால் கெடும், ஓடினால்தான் பிழைக்கும். அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவருவதும் ஓட்டிக்கொண்டே இருப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். முதல் பாதிக்கு அனுமதி கொடுத்துவிட்டு இரண்டாவது பாதியைத் தடுத்தால் முதல் பாதியும் சரியாக நடக்காது.

கார் நின்றால் என்ன ஆகும் என்பதை வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை வைத்தே பார்க்கலாம். 1961 தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் தயாரான வண்டி அது. ஆகவே வெளிவந்த எல்லா ஹெரால்டுகளும் இன்றைக்கு ஐம்பது வயதைக் கடந்தவை. 948 சி.சி. இன்ஜின், தனி சேஸிஸ், முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பெரிய பானட். பானட்டைத் திறந்தால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்பதால் மெக்கானிக்குகளுக்குப் பிடித்த வண்டி. இதைப் பத்து வருஷம் ஷெட்டில் நிறுத்தினால் முதலில் கெடுவது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். அந்த ஈரம் வீல் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைத்து, பளபளவென்று இருக்க வேண்டிய உட்சுவரில் பொடிப்பொடிக் குழிகளை உண்டாக்கும். பிஸ்டன் அதிலேயே இறுகி நின்றுவிடும். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசினை விட்டுப்போகும். அது கார்புரேட்டரின் ஜெட் துளைகளை அடைத்துவிடும். காலியான டேங்கின் மேல்பாதி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். சில வால்வுகள் திறந்தபடியே நின்றிருக்கும், அந்த வழியாக ஈரம் சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங்கையும் சுவரையும் ஒன்றாக்கிவிடும். டயர் தரையில் பட்ட இடத்தில் தட்டையாகி வெடிக்கும். ரப்பர் ஹோஸ் காய்ந்து நொறுங்கும். ஒயர்களை எலி பார்த்துக்கொள்ளும். இத்தனைக்கும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கார் நன்றாகவே இருக்கும். துணி போட்டு மூடி, வாரம் ஒரு முறை துடைத்து வைத்த காரும் உள்ளுக்குள் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கும்.

இந்தச் சேதங்களில் பெரும்பாலானவை ஓட்டத்தால் தடுக்கக்கூடியவை. இன்ஜின் நன்றாகச் சூடேறும் அளவுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அவ்வப்போது ஓடினால் ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகும், சிலிண்டர் சுவரில் புது ஆயில் படலம் படியும், பிரேக் பிஸ்டன்கள் அசைந்து கொடுக்கும், பெட்ரோல் தேங்காமல் மாறிக்கொண்டிருக்கும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பது இதற்கு ஈடாகாது. அரைகுறைச் சூட்டில் உண்டாகும் நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிக் கெடுதலே செய்யும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேரணிக்கு மட்டும் வெளியே வரும் கார் மற்ற நாளெல்லாம் நிற்கும் கார்தான். விதியை எழுதியவர்கள் 'பழுது பார்ப்பதற்கு' என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதால், ஞாயிறு காலையில் மகாபலிபுரம் வரை ஒரு நடை போய்வருவது பராமரிப்பில் சேருமா சேராதா என்று கேட்கலாம். வண்டியைத் தெரிந்தவர் சேரும் என்பார். சாலையில் மடக்கும் காவலர் அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் விதியில் இல்லை.

நின்றுபோன வண்டியை எழுப்புவது தனிக் கலை. அதன் முதல் பாடம் பொறுமை. ரொம்ப நாள் நின்ற காரைப் பார்த்ததும் புது பேட்டரி மாட்டிச் செல்ஃப் அடித்துப் பார்க்கத்தான் கை பரபரக்கும். காருக்குச் செய்யக்கூடிய ஆகக் கெட்ட காரியம் அதுதான். சுவரோடு ஒட்டியிருக்கும் ரிங் உடையும், உடைந்த துண்டு சிலிண்டரைக் கீறும், பத்து நாள் ஊறவைத்திருந்தால் தப்பித்திருக்கும் இன்ஜின் ரீபோருக்குப் போகும். விஷயம் தெரிந்த மெக்கானிக் நான்கு பிளக்கையும் கழற்றுவார். ஒவ்வொரு துளையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ரெண்டு நாளுக்கு ஒருதரம் வந்து ஹேண்டில் போட்டு லேசாக அழுத்திப் பார்ப்பார். திருகி உடைக்கும் பலம் அவர் கையில் இருக்கும், அதைக் காட்ட மாட்டார். ஒரு நாள் ஹேண்டில் நூல் அளவு நகரும். அப்புறம் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி முழுச் சுற்றுக்குக் கொண்டுவருவார். பிளக் இல்லாமலே கையால் சுற்றி ஆயில் மேலே ராக்கர் வரை ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பேட்டரிக்கு வேலை. இவ்வளவு செய்தும் இன்ஜின் இரண்டாவதாகத்தான் வரும். கெட்டிக்காரப் பட்டறைகளில் முதல் வேலை பிரேக். ஓடத் தெரிந்து நிற்கத் தெரியாத வண்டி ஓடாத வண்டியைவிட ஆபத்து.

அந்த பிரேக் வேலையைக் கிட்டே நின்று பார்த்தால், ஓட வைப்பது எப்படிப் பாதுகாப்பதும் ஆகிறது என்பது விளங்கும். குழி விழுந்த வீல் சிலிண்டருக்குப் புதுசு கிடைத்தால் மாட்டிவிடலாம். ஹெரால்டுக்கு இங்கே கிடைப்பது அரிது. வண்டலூர்த் தொழிற்சாலை எப்போதோ மூடியாகிவிட்டது. அப்போது அந்தச் சிலிண்டரை லேத்தில் கொடுத்து உட்புறத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்குள் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ ஒரு ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே மறுபடி கடைந்து பாலிஷ் போடுவார்கள். ரப்பர் மட்டும் புதுசு. வெளியே உள்ள வார்ப்பும் அதில் பொறித்த எழுத்துகளும் 1960களில் இருந்தபடியே இருக்கும். உள்ளே துருப்பிடிக்காத சுவர். இதைவிட நல்ல பாதுகாப்பை எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும் தர முடியாது. இந்த வேலைக்குத் தேவையானது நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கையால் உணரும் ஒரு லேத்காரர். சென்னையிலும் கோவையிலும் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பலருக்கும் வயதாகிவிட்டது. ஹெரால்டின் நான்கு கதவு வடிவம் இந்தியாவில் மட்டுமே தயாரானது. இரண்டு கதவு ஹெரால்டுக்கு வேண்டிய பல பாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், நான்கு கதவு வண்டியின் பின்கதவு அரித்துப்போனால் அதைத் தகட்டில் தட்டி எடுக்க உள்ளூர் டிங்கர்தான் வர வேண்டும்.

விதி எங்கே தவறுகிறது என்பது இங்கேதான் தெரிகிறது. காருக்கு அரசு ஒப்புக்கொள்ளும் பயன்பாடு கண்காட்சியும் பேரணியும் மட்டும் என்றால், உரிமையாளர் பணத்தை எதில் போடுவார்? கண்ணுக்குத் தெரிவதில் போடுவார். கண்காட்சித் திடலில் நடந்துபோகிறவர் பார்ப்பது பெயிண்ட், குரோமியம், சீட்டுத் துணி. வீல் சிலிண்டரின் உட்சுவரை யாரும் பார்ப்பதில்லை. திடல் வரை லாரியில் ஏற்றிவந்து, இறக்கி, நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தினாலே போதும் என்றால் அதற்குப் பாதி உயிருள்ள இன்ஜின் போதும். இதன் விளைவாக மறுசீரமைப்பு என்பது பல இடங்களில் வெளிப்பூச்சு வேலையாகச் சுருங்கிவிடுகிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. பளபளப்பைத் தேடிப் போகிறவர் தொழிற்சாலை அடித்த அசல் பெயிண்டைச் சுரண்டி எறிவார், ஐம்பது வருஷம் தாங்கிய சீட்டுத் தோலைக் கிழித்துப் புதுசு தைப்பார். திரும்பி வராதவை அவை. இன்ஜினுக்குள் மாற்றிய ரிங்கும் வால்வும் தேய்வதற்காகவே செய்யப்பட்டவை, அந்தக் கார் வழக்கமாக ஓடிய காலத்திலேயே மாற்றப்பட்டு வந்தவை. ஆக, ஓட வைக்கிறவர் தேயும் பொருளை மாற்றுகிறார், மினுக்குகிறவர் வரலாற்றுச் சான்றை மாற்றுகிறார். விதியோ இரண்டாமவருக்கு வசதியாக இருக்கிறது.

ஓட்டம் நின்றால் கைத்திறனும் போய்விடும் என்ற கவலை மிகை என்று நினைப்பவர்கள் ஊட்டி மலை ரயிலைப் பார்க்கலாம். 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பாதையில் பற்சக்கரத்தைப் பிடித்து ஏறும் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் ஓடுகின்றன. அவை முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. நாட்டின் பெரும்பாலான பாதைகளிலிருந்து நீராவி விடைபெற்ற பிறகும், திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகை இன்ஜின்களைப் புதிதாகவே கட்டிக்கொடுத்தது. எப்படி முடிந்தது? மலை மேல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் பழுதாகிக்கொண்டிருந்தது, அதனால் அதைப் பிரித்துப் பூட்டும் கைகளுக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. அந்த இன்ஜின்களை 1990களிலேயே மேட்டுப்பாளையம் நிலையத்தில் பீடம் கட்டி நிறுத்தியிருந்தால் இன்றைக்குப் பொன்மலையில் கொதிகலன் குழாய் மாற்றத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருந்திருக்கும். டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 1914ஆம் ஆண்டின் ஜான் மோரிஸ் தீயணைப்பு வண்டி ஒன்று இருக்கிறது. அருங்காட்சியகப் பொருளான அதுவும் ஓடும் நிலையிலேயே பராமரிக்கப்பட்டு, ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964 முதல் நடத்திவரும் பழைய கார் பேரணியில் கலந்துகொண்டிருக்கிறது. அரசு தன் சொத்துக்குச் சரியாகச் செய்ததைத் தனியாருக்கும் அனுமதிக்கலாம்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் ஜெர்மனியின் ஏற்பாடு நமக்கு நேரடியாகப் பொருந்தும். அங்கே பழைய வாகனங்களுக்கு இரண்டு வகை எண்கள். ஒன்று, 07 என்று தொடங்கும் சிவப்பு எண். நிகழ்ச்சிகளுக்கும், சோதனை ஓட்டத்துக்கும், பட்டறைக்குப் போய்வரவும் மட்டும் அது செல்லும். கிட்டத்தட்ட நம் 'விஏ' எண் போல. இன்னொன்று, எண்ணின் முடிவில் 'ஹெச்' எழுத்து வரும் எண். 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. முப்பது வயதான வண்டியை நிபுணர் பரிசோதித்து, அசல் நிலையில் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று சான்று தந்தால் இந்த எண் கிடைக்கும். காருக்கு வருஷ வரி ஒரே சீராக 191 யூரோ. எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம், நகரங்களின் குறைபுகை மண்டலங்களுக்குள்ளும் போகலாம். காற்றுத் தூய்மையில் நம்மைவிடக் கறாரான நாடுதான் அது. பிரிட்டனில் நாற்பது வயதான, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்குச் சாலை வரி இல்லை. 2018 மே முதல் கட்டாய ஆண்டுச் சோதனையும் இல்லை, சாலைக்குத் தகுதியாக வைத்திருப்பது உரிமையாளர் பொறுப்பு. சோதனையையே எடுத்துவிட்டது நமக்குச் சரிவராது என்பது என் கருத்து. பழைய வாகனச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, 1966இல் தோன்றியது. 2012இல் அது ஏற்ற டூரின் சாசனம், பழைய வாகனங்கள் பிழைக்க வேண்டுமானால் அவை பயன்பாட்டில் இருக்க வேண்டும், இயக்கவும் பராமரிக்கவும் தெரிந்த அறிவு அப்படித்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்ற கருத்தைத் தெளிவாகவே முன்வைக்கிறது. அதே கூட்டமைப்பு, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தும் வண்டியைப் பாரம்பரிய வண்டியாக ஏற்பதில்லை. தினசரிக்கும் பேரணிக்கும் நடுவில் ஓர் அகலமான இடம் இருக்கிறது. நம் விதி அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

பழைய கார்களை வரம்போடு ஓட விடலாம் என்றால் எழும் முதல் எதிர்ப்பு புகை பற்றியது, நியாயமானதும்கூட. கார்புரேட்டர் இன்ஜினில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. நம் நாட்டில் அது 1995இல்தான் பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு வந்தது. ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பார்த்தால் ஹெரால்டு விடும் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் இன்றைய காரைவிடப் பல மடங்கு அதிகம். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதோடு எத்தனை கிலோமீட்டர் என்பதையும் பெருக்க வேண்டும். வருஷத்துக்கு 1,500 கிலோமீட்டர் என்று உச்சவரம்பு வைத்து, லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் 150 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ கரியமில வாயு என்ற கணக்கில் 350 கிலோவுக்குள் அடங்கும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் புதுக் கார் வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓடினால் 1,500 கிலோவைத் தாண்டும். அதைத் தயாரிக்கும்போது வெளியான வாயு தனிக் கணக்கு. நச்சுப் புகையைப் பொறுத்தவரை, நெரிசல் நேரத்தில் பெருநகர மையத்துக்குள் பழைய வண்டிகள் வரக்கூடாது என்று சொல்லலாம், அதில் தவறில்லை. தவிர, சரியாக டியூன் செய்த கார்புரேட்டருக்கும் செய்யாததற்கும் புகையில் பெரிய வித்தியாசம் உண்டு. அடிக்கடி ஓடும் வண்டியே சரியாக டியூன் ஆகியிருக்கும். நின்று நின்று பேரணி நாளில் மட்டும் இருமிக்கொண்டு வரும் வண்டிதான் கறுப்பாகப் புகைக்கும்.

பாதுகாப்பு இரண்டாவது எதிர்ப்பு. சீட் பெல்ட் இல்லை, மோதலைத் தாங்கி மடங்கும் முன்பகுதி இல்லை, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். உண்மை. இதற்கு விடை வேக வரம்பும் விரைவுச் சாலைத் தடையும் வருஷாந்தரச் சோதனையும்தான். இன்றைய விதிப்படி பேரணியில் ஓடும் காருக்கும் இதே பிரேக்தானே? இரண்டு பக்கமும் ஆயிரம் பேர் நிற்கும் கடற்கரைச் சாலையில் அது போகலாம், ஆளில்லாத காலை நேரத்தில் போகக்கூடாது என்பதில் பாதுகாப்புத் தர்க்கம் எதுவும் இல்லை.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அரசு இதற்கு ஏன் வளைந்துகொடுக்க வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி எழும். பழைய கார் என்றதும் சமஸ்தான மன்னர்களின் ரோல்ஸ் ராய்ஸ்தான் பலருக்கு நினைவுக்கு வருவதால் எழும் கேள்வி இது. ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருப்பவருக்கு இந்த விதியால் நஷ்டம் அதிகமில்லை. அவருக்கு வண்டியை ஏற்றிச்செல்ல லாரி இருக்கிறது, குளிரூட்டிய ஷெட் இருக்கிறது, உதிரிபாகத்துக்கு இங்கிலாந்து இருக்கிறது. விதி நெருக்குவது, அப்பா வாங்கிய 1968 மாடல் அம்பாசிடரையோ ஃபியட் 1100ஐயோ வீட்டு வாசலில் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரை. அவருக்குப் பேரணி வேண்டாம். குடும்பத்தோடு கோயிலுக்கு ஒரு நடை, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு நடை போதும். அவர் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் மெக்கானிக், லேத், ரேடியேட்டர் கடை, புதுப்பேட்டை உதிரிபாகக் கடை என்று உள்ளூரிலேயே சுற்றும். அவர் சாதாரண ஆர்.சி.யையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டலாமே என்றால், காகிதங்கள் தொடர்ந்து உயிரோடு இருக்கும் வண்டிக்குத்தான் அது நடைமுறையில் எளிது. இருபது வருஷம் ஷெட்டில் கிடந்து இப்போது எழுப்பப்படும் வண்டிக்கு இந்தப் புதிய பதிவுதான் வழி. எந்த வண்டியை உயிர்ப்பிக்க அதிக உழைப்பு தேவையோ அந்த வண்டிதான் ஓட அனுமதி இல்லாத வரிசையில் போய் நிற்கிறது.

சிலவற்றை உயிர்ப்பிக்காமல் விடுவதே சரி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1925ஆம் ஆண்டின் புகாட்டி ஒன்று இத்தாலி–சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மஜ்ஜோரே ஏரியில் 1936இல் மூழ்கடிக்கப்பட்டு, 2009இல் வெளியே எடுக்கப்பட்டது. அடுத்த வருஷம் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போன அந்த வண்டியை வாங்கியவர் சரிசெய்யாமல் துருவோடு அப்படியே காட்சிக்கு வைத்தார். நியாயமான முடிவு. அதை ஓட வைக்க முயன்றிருந்தால் புது உலோகத்தில் பழைய பெயர்ப்பலகை மாட்டியதாகத்தான் முடிந்திருக்கும். மாற்ற வேண்டியது தேயும் பாகங்களைத் தாண்டி சேஸிஸ், உடல், இன்ஜின் பிளாக் வரை போகும்போது நிறுத்திவிடுவது நல்லது. ஷெட்டுகளில் கிடக்கும் பெரும்பாலான கார்கள் அந்த நிலைக்குப் போகவில்லை.

அசல்தன்மை பற்றிய விதியின் வாசகமும் இங்கே சிக்கலாகிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ உடலிலோ இன்ஜினிலோ மாற்றம் உள்ளிட்ட பெரிய மறுசீரமைப்புக்கு உட்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி. சேஸிஸ், உடல் சரி. இன்ஜினில் எது மாற்றம்? 2000ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பொதுச் சுகாதாரத்துக்கு மிக நல்ல முடிவு. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்குக் கவசமாக இருந்தது. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். தீர்வு, ஹெட்டைக் கடைந்து கடினமான எஃகு வளையம் பொருத்துவது. இப்போது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் பழைய வகை ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமையும் உப்பவைக்கும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும், கலவையை நீர்க்கச் செய்து இன்ஜினைச் சூடாக்கும். ஹோஸ், டயஃப்ரம், கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் பொருளில் மாற்றி, ஜெட்டையும் ஒரு அளவு பெரிதாக்கினால்தான் வண்டி ஒழுங்காக ஓடும். எரிபொருளை மாற்றியது அரசு. அதற்கு ஈடுகொடுக்கச் செய்த வேலையை அசல்தன்மைக் குறைவு என்று ஒரு ஆய்வாளர் எழுதிவிட முடிகிறதென்றால் வாசகம் சரியில்லை. எரிபொருளுக்காகவும் பாதுகாப்புக்காகவும் செய்யும், பின்னால் கழற்றி எடுக்கக்கூடிய மாற்றங்கள் கணக்கில் வராது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

வயது வரம்பையும் இதோடு பார்க்க வேண்டும். தனியார் கார் 15 வயதில் ஆர்.சி. புதுப்பிக்கத் தொடங்குகிறது, 50இல் பாரம்பரியம் ஆகிறது. நடுவில் 35 வருஷம் அது வெறும் பழைய வண்டி. பழைய வாகனங்களை உடைக்கும் கொள்கையை அரசு அறிவித்ததும் அதே 2021இல்தான். டெல்லி வட்டாரத்தில் 15 வயது கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தபோது, அங்கே எத்தனை பத்மினிகளும் அம்பாசிடர்களும் காயலான் கடைக்குப் போயிருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த முதல் மாருதி 800களுக்கு 2033இல்தான் ஐம்பது நிறையும். நாட்டையே காரில் ஏற்றிய வண்டி அது. நல்ல நிலையில் இருப்பவற்றை அதுவரை தாக்குப்பிடிக்க வைக்க 30 வயதில் ஒரு இடைநிலைத் தகுதி தேவை. எல்லாப் பழைய வண்டிக்கும் வேண்டாம். ஜெர்மனியைப் போல, பரிசோதித்து, அசலாகவும் ஓடும் நிலையிலும் இருப்பதற்கு மட்டும்.

அந்தப் பரிசோதனையை யார் செய்வது என்பதுதான் கடைசியில் மிஞ்சும் கஷ்டம். வண்டியை விதிக்குள் ஓட விட வேண்டுமானால் வருஷத்துக்கு ஒருமுறை மீட்டர் அளவைக் குறித்து 1,500 கிலோமீட்டர் வரம்பைச் சரிபார்க்க வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, டயர், புகை ஆகியவற்றைப் பார்த்துத் தாளில் எழுதித் தர வேண்டும். இன்றைய தானியங்கிச் சோதனை நிலையங்களின் கருவிகள் இன்றைய கார்களை மனத்தில் வைத்து அமைந்தவை. பாயின்ட் வைத்த இக்னிஷனும் டைனமோவும் அங்கிருக்கும் இளைஞர்களுக்குப் பழக்கமில்லாதவை. தெரிந்தவர்களிடம் சான்றிதழ் இல்லை. பன்னிரண்டு வயதில் பட்டறைக்கு எடுபிடியாகப் போய் அறுபது வயதில் இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவர்கள் அவர்கள். பட்டயம் இல்லாமல் தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்று தரும் 'முன்கற்றல் அங்கீகார' ஏற்பாடு மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கார்புரேட்டர் வண்டிகளின் பரிசோதனையையும் அதன் தொழில்களில் ஒன்றாகச் சேர்த்து, சான்று பெற்றவர்கள் ஐ.டி.ஐ.களில் மாதம் ஒரு நாள் உட்கார ஏற்பாடு செய்தால், பழைய கார்க்காரர் போய் நிற்க ஓர் இடமும், அந்தத் தாளில் கையெழுத்துப் போடத் தகுதியான ஓர் ஆளும் கிடைத்துவிடும்.